வரிசையில் நின்ற ஐஸ்கிறீம் பெட்டிகள்

உடுப்புத் தோய்க்கப் போடுமுன் சட்டைப் பைகளைத் துழாவிப் பார்க்கிற பழக்கம் எனக்கு உண்டு. என் வீட்டு ஆண்கள் இரண்டு பேரும் அதைப் பெரிய குற்றமாகச் சொல்வார்கள். பையில் மறந்துபோன கடதாசிக் கைக்குட்டை கரைந்து எல்லா உடுப்பிலும் ஒட்டினால் உட்கார்ந்து பிடுங்குகிறவள் நான். அதனால் அவர்களின் அபிப்பிராயத்தை நான் காதில் போட்டுக்கொள்வதில்லை. அப்படித்தான் ஏப்ரல் கடைசியில் ஒரு திங்கட்கிழமை, என் மகன் கஜரூபனின் குளிர்ச்சட்டைப் பையில் ஒரு சின்னப் பொலித்தீன் பை கிடைத்தது. உள்ளே நீல நிறக் குளுசைகள்.

நான் முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்கிறவள். சாப்பாட்டுத் தட்டோடு குளுசையும் போவதைத் தினமும் பார்க்கிறேன். மருந்துக்கடைக் குளுசை இப்படி ஓரம் உதிராது, ஒன்றுக்கொன்று தடிப்பு மாறாது. தோய்க்கிற மெஷினுக்கு முன்னால் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். போலிக் குளுசை போட்டு நித்திரையிலேயே மூச்சு நின்றுபோன பிள்ளைகளைப் பற்றிப் பேப்பரில் வாசித்திருக்கிறேன். வாசிக்கும்போது 'ஐயோ பாவம், ஆர் பெத்த பிள்ளையோ' என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பியிருக்கிறேன். இந்த முறை பெற்றது நான்.

எடுத்து எறியலாம். எறிந்தால் இன்னொரு பை வாங்குவான், அதை என் கைக்கு எட்டாத இடத்தில் வைப்பான். கேட்டுப் பார்க்கலாம். ஆனால் 'சாப்பிட்டியோ' என்று கேட்டாலே 'ஸ்லாப் ஆவ், அம்மா' என்று, கொஞ்சம் சும்மா இரு என்பதை நோர்வேஜிய மொழியில் சொல்லிவிட்டு அறைக்குள் போகிறவன் அவன். வயது இருபத்துமூன்று. வேலை, அல்னாபுறுவில் ஒரு பொதிக் களஞ்சியத்தில். மே முதலாம் தேதி வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதால் வியாழன் பின்னேரமே கூட்டாளிகளோடு மலைக்குடிலுக்குப் போவதாகச் சொல்லியிருந்தான். அங்கேதான் இதைப் போடப்போகிறான் என்பது எனக்கு விளங்கிவிட்டது. அதற்குள் இந்தக் குளுசைக்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். வேறொன்றும் எனக்கு வேண்டியிருக்கவில்லை. இரண்டு குளுசையை எடுத்துக்கொண்டு, சட்டை காய்ந்ததும் மிச்சத்தைப் பழையபடி அதே பையில் வைத்தேன்.

என்ன இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல ஓர் இடம் இருந்தது. எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தான். குரோருட் சுகாதார நிலையத்தின் கீழ்த்தளத்தில், பனி உருகுகிற நேரத்தில் ஓர் அறை திறந்திருந்தார்கள். போதைப்பொருளைக் கையில் வைத்திருப்பதே குற்றம் என்கிற நாட்டில், அதைக் கொண்டுபோய்க் கொடுத்தால் உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று சோதித்துச் சொல்வார்கள். பெயர் கேட்க மாட்டார்கள், பொலிசுக்கும் அறிவிக்க மாட்டார்கள். வீட்டில் வைத்துச் சோதிப்பதற்குக் கடதாசிப் பட்டியும் கொடுத்து அனுப்புவார்கள். இதற்கென்று தனி அனுமதி எடுத்திருந்தார்கள். செவ்வாயும் வியாழனும் திறக்கும். கோடை வரைக்கும் பரீட்சார்த்தம். ஆட்கள் வந்தால் நிரந்தரமாகும், வராவிட்டால் பூட்டிவிடுவார்கள்.

ஒருவரும் வரவில்லை. ஏன் வரவில்லை என்பதற்கு முதல் காரணம் என் மனுசன் ஜெயரத்தினம். அவர் எங்கள் தமிழ் மன்றத்தின் தலைவர். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு அதே கட்டடத்தில் நடப்பதால், அந்த அறையைப் பூட்டச் சொல்லிக் கையெழுத்து வேட்டை நடத்தினார். இன்றைக்குக் குளுசையைச் சோதித்துக் கொடுப்பார்கள், நாளைக்குக் கத்தியைத் தீட்டிக் கொடுப்பார்கள் என்று மன்றத்தில் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு பேசினார். ஒலிவாங்கி கையில் அகப்பட்டால் இவருக்குக் கால நேரம் தெரியாது. கீழே கையெழுத்து வைத்தவர்களில் நானும் ஒருத்தி.

இரண்டாவது காரணம், அந்த அறையில் மேசைக்குப் பின்னால் இருக்கிற தாதி கம்சிகா. எங்கள் கட்டடத்து மூன்றாம் மாடிப் பெண். நல்ல பிள்ளை, வாய் திறக்காது. ஆனால் அறையின் வாசல் பஸ் தரிப்பிடத்துக்கு நேரே எதிரில் இருக்கிறது. பஸ் தரிப்பிடத்தில் எந்த நேரமும் எங்கள் ஆட்கள் இரண்டு பேராவது நிற்பார்கள். ஜெயரத்தினத்தின் மனுசி மங்களேஸ்வரி அந்தக் கதவைத் தள்ளுவதற்கு முன்பே, எங்கள் ஆட்கள் கூடுகிற பக்கத்து ஸ்டோவ்னருக்குச் செய்தி போய்விடும். பின்னேரத்துக்குள் என் பிள்ளைக்குப் பட்டம் கட்டி, கலியாணச் சந்தையிலிருந்தும் பெயரை வெட்டிவிடுவார்கள். அவனுக்கு ஒரு பெண்ணும் இன்னும் பார்க்கவில்லை, அது வேறு விஷயம்.

செவ்வாய்க்கிழமை சம்பல் இடிக்கும்போதுதான் எனக்கு வழி தென்பட்டது. தனியாகப் போனால்தான் கதை. ஊரே போனால் அது கதை இல்லை, நிகழ்ச்சி.

ஊரைக் கிளப்புவதற்கு அருள்ராணி அக்காவின் மிளகாய்த்தூளைத் தவிர வேறு நல்ல சாமான் இல்லை. சாவகச்சேரியில் அவருடைய தம்பி வறுத்து இடிப்பித்து அனுப்புகிற தூள் அது. கட்டுநாயக்காவில் பிளேன் ஏறி இங்கே கார்டமூனில் இறங்கி, எங்கள் எல்லாருடைய குசினிக்கும் அக்கா கையால் பங்கு பிரிந்து வரும். அதைத் தருகிற உரிமையில் யாருடைய கறியையும் குறை சொல்வார். அன்றைக்கே ஸ்டோவ்னர் கடைத்தொகுதிக்குப் போனேன். மரக்கறிக் கடையில் கண்ட முதல் ஆளிடம், அருள்ராணி அக்காவின் தூளில் செங்கல் அரைத்துக் கலந்திருப்பதாக யாரோ சொன்னார்கள் என்றும், நான் அதை நம்பவில்லை என்றும் சொன்னேன். 'நான் நம்பவில்லை' என்று சேர்த்துச் சொன்னால் எங்கள் ஆட்கள் உடனே நம்பிவிடுவார்கள். இரண்டாவது ஆளிடம், குரோருட்டில் ஒரு மெஷின் இருக்கிறது, எந்தத் தூளில் என்ன கலப்படம் என்று புட்டுப் புட்டு வைக்கும், இலவசம் என்றேன்.

நான் வீட்டுக்கு வந்து சேருமுன் அருள்ராணி அக்காவே போன் எடுத்துவிட்டார். தன் தூளைப் பற்றி இப்படியொரு கதை உலாவுவதாகவும், சொன்னவள் மட்டும் கையில் அகப்பட்டால் அவளுடைய வாய்க்குள்ளேயே அந்தத் தூளைக் கொட்டுவதாகவும், வியாழக்கிழமை முதல் ஆளாகப் போய்ச் சோதித்து ஊருக்குக் காட்டப்போவதாகவும் சொன்னார். அது போதைப்பொருள் சோதிக்கிற இடமாச்சே அக்கா என்று நான் மெல்ல இழுத்தேன்.

"அதாலை என்ன? தூள் அடிக்கிறவனுக்கு மெஷின் வைப்பினம், கறிக்குத் தூள் போடுறவளுக்கு வைக்க மாட்டினமோ? வரி நானும்தானே கட்டுறன்" என்றார்.

வியாழக்கிழமை மத்தியானம் நான் போனபோது சுகாதார நிலையத்தின் கீழ்த்தளத்து ஓடையில், அந்த அறைக்குப் போகிற நீள நடைவழி முழுக்க, சனம் நெரிந்தது. அக்காவின் தூள் சுத்தம் என்று நிரூபிக்க வந்தவர்கள் கொஞ்சப் பேர். சுத்தமில்லை என்று நிரூபணமாவதைக் கண்ணால் காண வந்தவர்கள் மிச்சப் பேர். எல்லாருடைய கையிலும் ஒரே மாதிரி ஐஸ்கிறீம் பெட்டி, அதே மலிவுக்கடையின் அதே நீல மூடி. நோர்வேயில் தமிழ்க் குடும்பம் ஐஸ்கிறீம் வாங்குவதே பெட்டிக்காகத்தான்.

பிறகு எங்கள் ஆட்கள் தங்கள் வழக்கத்தைக் காட்டினார்கள். மண்ணெண்ணெய்க்கும் பாணுக்கும் வரிசையில் நின்ற காலத்தில் நாங்கள் படித்த பாடம், ஆள் நிற்கத் தேவையில்லை, சாமான் நின்றால் போதும் என்பது. எண்ணெய்க் கானை வைத்துவிட்டுப் போய் நிழலில் இருக்கலாம், ஒருவரும் இடத்தைப் பறிக்க மாட்டார்கள். ஆக, ஐஸ்கிறீம் பெட்டிகளைச் சுவரோரம் நீளத்துக்கு அடுக்கிவிட்டு, எல்லாரும் ஓடை மூலையில் தேத்தண்ணிப் போத்தலைத் திறந்து வடைப் பொட்டலத்தைப் பிரித்துவிட்டார்கள். அறைக்குப் பொறுப்பான நோர்வேஜியப் பெண்மணி வெளியே வந்து, மனிதர் இல்லாத வரிசையைப் பார்த்துத் திகைத்து, போனில் படம் எடுத்துக்கொண்டு போனார். ஒருவரையும் திருப்பி அனுப்ப அவருக்கு வழியில்லை. வருகிறவர் யார், கொண்டுவருவது என்ன என்று கேட்கக் கூடாது என்பது அவர்களே எழுதி ஒட்டிய விதி.

என் பெட்டிக்குள் அருள்ராணி அக்கா போன மாதம் தந்த அதே தூள். அடியில் வெள்ளித் தாளில் சுற்றிய இரண்டு குளுசை. ஒவ்வொருவராகத்தான் உள்ளே போவார்கள், கதவைச் சாத்துவார்கள். உள்ளே போனதும் கம்சிகாவிடம் தாளைப் பிரித்துக் கொடுத்துவிட்டு, வெளியே வரும்போது 'செங்கல் இல்லையாம்' என்று சொல்வதாகத் திட்டம். மூடியில் அடையாளம் போடலாமோ என்று யோசித்தேன்தான். பெயர் எழுதிக் குளுசை கொண்டுபோகிற அளவுக்கு நான் விசரி இல்லை என்று விட்டுவிட்டேன்.

மெஷினை இயக்குகிறவர் ராம்பிரசாத் என்கிற தமிழ்நாட்டுப் பிள்ளை. பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறவர், இந்த நாட்களில் மட்டும் இங்கே வருவார். அவருடைய தமிழை நாங்கள் டிவியில்தான் கேட்டிருக்கிறோம், எங்களுடையது அவருக்குப் பாதிதான் விளங்கும். முதலில் போன இரண்டு பேருடைய தூளையும் பார்த்துவிட்டு அவர் கதவைத் திறந்து, கையெடுத்துக் கும்பிடாத குறையாக எங்களைக் கேட்டார்.

"ஆன்ட்டி, இது மசாலாவுக்கான மெஷின் இல்ல. ப்ளீஸ், வேற யாராவது வேற எதாவது கொண்டு வந்திருக்கீங்களா?"

நான் வடையை மென்றபடி சுவரைப் பார்த்தேன். மற்றவர்களும் ஏனோ அங்குமிங்கும் பார்த்தார்கள்.

அந்த நேரத்தில் யாரோ ஒருத்தி வடைத் தட்டை வைக்க இடமில்லை என்று பெட்டிகளைக் காலால் தள்ளி நெருக்கியிருக்கிறாள். அருள்ராணி அக்காவின் முடிவைத் தெரிந்துகொள்ள எல்லாருக்கும் அவசரமாக இருந்ததால், அக்காவே அடுத்ததாகப் போகட்டும் என்று வழி விட்டோம். அவர் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகி, தேர்தலுக்குப் போகிறவர் மாதிரி நிமிர்ந்து, முன்னால் இருந்த பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். கதவு சாத்தப்பட்டது.

 பிறகு ராம்பிரசாத் உள்ளே ஏதோ கேட்டார். பிறகு அருள்ராணி அக்காவின் குரல் கேட்டது, அந்தக் குரலுக்குக் கதவு ஒரு தடையே இல்லை.

"இது றொபின்ரை வேலை. ஈஸ்டருக்கு வந்து நிண்டவன். என்ரை குசினிக்கை, என்ரை தூளுக்கை ஒளிச்சு வச்சிட்டுப் போயிருக்கிறான்."

றொபின் அவருடைய ஒரே மகன். போலந்தில் மருத்துவம் படிக்கிறான். அவன் பரீட்சை பாஸ் பண்ணின கதையைக் கேட்காமல் எங்களில் ஒருவருக்கும் அந்த வீட்டில் தேத்தண்ணி கிடைத்ததில்லை.

 சுவரோரம் மிஞ்சியிருந்த முதல் பெட்டியை, அதுதான் என்னுடையது என்று இருந்த நான், திறந்து தூளுக்குள் விரலை விட்டுத் துழாவினேன். மணிக்கட்டு வரைக்கும் விட்டேன். தாள் இல்லை. என் பெட்டிதான் உள்ளே போய்விட்டது. பதற்றத்தில் அதே கையால் கண்ணைத் துடைத்தேன். சாவகச்சேரி மிளகாய் எத்தனை சுத்தம் என்பதற்கு மெஷின் தேவையே இல்லை. கண்ணால் கொட்டத் தொடங்கியது. பக்கத்திலிருந்தவர்கள் அருள்ராணிக்காக நான் அழுகிறேன் என்று நினைத்து முதுகைத் தடவினார்கள். எனக்கு இருக்கிற இளகின மனது வேறு யாருக்கும் இல்லை என்று ஒருத்தி சொன்னாள்.

கதவு திறந்தது. கம்சிகா அக்காவின் தோளைப் பிடித்து, உள்ளேயே இருந்து கதைக்கலாம் வாங்கோ என்று தடுத்துப் பார்த்தாள். அக்கா கேட்கவில்லை. ஓடையில் எங்கள் எல்லாருக்கும் முன்னால் வந்து நின்றார். முகத்தில் இரத்தமே இல்லை. வேறு நேரமாக இருந்தால் அவரை இப்படிப் பார்க்க ஆசைப்பட்டவர்கள் அங்கே நிறையப் பேர் இருந்தார்கள். அப்போது ஒருவரும் சிரிக்கவில்லை. கொரோனாவுக்கு இரண்டு கோடு விழுந்தால்தான் பயம், இந்தப் பட்டியில் ஒரே கோடு விழுந்தால்தான் பயமாம், அந்த ஒரு கோடு விழுந்துவிட்டது என்று அக்கா சொன்னார். மெஷினும் அதையே சொல்லிற்றாம். நெஞ்சுப் பதற்றத்துக்கான மருந்து என்று விற்கிறார்கள், உள்ளே இருப்பது வேறு.

"ஒண்டு போட்டாலே மூச்சு நிண்டிடுமாம்" என்றார். பிறகு போனைக் கையில் வைத்துக்கொண்டு, எந்தப் பொத்தானை அமத்துவது என்று தெரியாமல் நின்றார்.

உண்மையைச் சொன்னால், ஒரு மூச்சு விடுகிற நேரம் நான் பேசாமல் இருந்தேன். எனக்கு வேண்டிய முடிவு கிடைத்துவிட்டது. என் பெயரும் கெடவில்லை. நைசாக வெளியே போய் மகனைப் பிடித்தால் காரியம் முடிந்தது, றொபின் பெயர் பிறகு தானாகத் தெளியும். இப்படியெல்லாம் ஓர் ஆளுக்கு ஒரு மூச்சு நேரத்துக்குள் யோசிக்க முடியும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அக்கா கீழே உட்கார்ந்து, 'என்ரை பிள்ளை இருக்கிறானோ தெரியேல்லை' என்றார். என்னுடைய பிள்ளையைப் பற்றி நான் நினைக்கவேண்டியதை அவர் நினைத்துக்கொண்டிருந்தார். எனக்குத் தாங்கவில்லை.

"அக்கா, அது றொபின்ரை இல்லை" என்றேன். "நீங்கள் கொண்டுபோனது என்ரை பெட்டி. குளுசை என்ரை பெடியன்ரை. செங்கல் கதையைக் கட்டிவிட்டதும் நான்தான்."

 அருள்ராணி அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார். அடிக்கப்போகிறார் என்று நினைத்து நான் கண்ணை மூடிக்கொண்டேன், அந்த எரிச்சலில் மூடுவதும் சுகமாகத்தான் இருந்தது. அடி விழவில்லை.

"மிச்சக் குளுசை எங்கை?" என்று கேட்டார்.

அவன் சட்டைப் பையில் என்றேன். நானே தோய்த்துக் காயவைத்து, நானே திருப்பி வைத்தேன் என்றேன். அதைச் சொல்லும்போதுதான் எனக்கு உண்மையான அழுகை வந்தது.

கஜரூபனுக்குப் போன் எடுத்தேன். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி எடுத்தேன். அவன் எடுக்க மாட்டான் என்பது எனக்குத் தெரியும். காலை, மத்தியானம், பின்னேரம் என்று சாப்பிட்டாயோ என்று கேட்க நான் எடுக்கிற போனை அவன் எடுப்பதை விட்டு வருசக் கணக்காகிறது. எழுதி அனுப்பினேன், பார்க்கவில்லை. வேலை முடிந்து நேரே கூட்டாளியின் காரில் ஏறுவான், அதற்கு இன்னும் அதிக நேரம் இல்லை. நான் பட்ட பாட்டைப் பார்த்த அருள்ராணி அக்கா எழுந்து சேலையைத் தட்டினார். அல்னாபுறுவில் யாருடைய பிள்ளை வேலை செய்கிறது என்று கேட்டார்.

அப்புறம் நடந்தது, நான் எதைக் கண்டு பயந்து இத்தனை நாடகம் ஆடினேனோ அதுதான். அந்த ஓடையில் இருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் போனை எடுத்து என் வீட்டுக் கதையைச் சொன்னார்கள். ஒருத்தியின் மருமகன் அதே களஞ்சியத்தில் பொதி தூக்குகிறவன், அவனுக்குப் போனது. இன்னொருத்தியின் தங்கச்சி புருசன் அந்த வழியால் பஸ் ஓட்டுகிறவர், அவருக்கும் போனது. ஆளுக்கு ஆள் தங்கள் பிள்ளைகளைப் போனில் பிடித்து, கஜரூபனின் கூட்டாளிகள் யார், அவர்களில் யாருடைய இலக்கம் இருக்கிறது என்று விசாரித்தார்கள். அஜந்தா என்பவள் ஹம்மர்பெஸ்டில் மீன் தொழிற்சாலையில் இருக்கிற தன் தம்பிக்கு எடுத்து என் மகனின் இலக்கத்தையும் கொடுத்தாள். வடதுருவத்துக்குப் பக்கத்தில் இருக்கிறவர் என்ன செய்வார் என்று கேட்டதற்கு, தெரிந்திருக்கட்டும் என்றாள்.

காரியத்தை முடித்தது அந்த ஹம்மர்பெஸ்ட் தம்பிதான். தெரிந்த இலக்கம் எதையும் எடுக்காத என் மகன், தெரியாத இலக்கம் என்பதால் அதை எடுத்திருக்கிறான். என் போன் அடித்தது.

"அம்மா, முன்பின் தெரியாத ஒராள் மீனுக்கு நடுவிலை நிண்டு எடுத்து, குளுசை போடாதை தம்பி எண்டு அழுறார். என்ன நடக்குது?"

"போட்டனியோ?"

"என்னத்தை?"

"நீலக் குளுசை. பொய் சொல்லாதை."

 அவன் பதில் சொல்லுமுன் நான் என்ன ஆனேன் என்று எழுதத் தெரியவில்லை.

"இல்லை அம்மா. இரவைக்கு எண்டு வச்சிருந்தது."

நாலு நாளாக மனதுக்குள் ஒத்திகை பார்த்த பேச்சு ஒன்று என்னிடம் இருந்தது. வளர்த்த பாடு, அப்பாவின் மரியாதை, ஊர் சிரிக்கும் என்று எல்லாம் அதில் இருந்தது. ஒன்றும் வரவில்லை. உயிரோடு இருக்கிறவனிடம் பேசுகிறேன் என்பதைத் தவிர வேறொன்றும் அப்போது எனக்குத் தெரியவில்லை.

"போடாதை எண்டு சொன்னா நீ கேக்க மாட்டாய், அது எனக்குத் தெரியும்" என்றேன். "ஆனா என்ன இருக்கெண்டு பாக்காமல் போடாதை. தனிய இருந்தும் போடாதை. இப்ப மிச்சத்தை எடுத்துக்கொண்டு குரோருட் சுகாதார நிலையத்துக்கு வா. உன்ரை கூட்டாளியளிட்டையும் இருக்கோ?"

"ஓம்."

"அவையையும் கூட்டிக்கொண்டு வா. ஒருத்தரும் ஏச மாட்டம்."

அவன் வரும்வரை சும்மா இருக்க அருள்ராணி அக்காவால் முடியவில்லை. தன் பெட்டியைத் தேடி எடுத்து உள்ளே கொண்டுபோய்ச் சோதிக்கச் சொன்னார். ராம்பிரசாத் அதில் செங்கல் இல்லை என்றார். அதைக் கதவடியில் வந்து நின்று எல்லாருக்கும் கேட்கச் சொல்ல வேண்டும் என்று பிடித்த பிடியில், அந்தப் பிள்ளை தமிழிலும் நோர்வேஜிய மொழியிலும் இரண்டு தரம் அறிவித்தது. எனக்கு அக்கா ஈரத் துவாயைக் கொண்டுவந்து தந்து, கண்ணைத் தேய்க்காமல் ஒற்றச் சொன்னார். தூள் விஷயத்தை நாளைக்குக் கதைப்போம் என்றும் சொன்னார். நாளைக்கு எனக்கு நல்லதாக இருக்காது என்று விளங்கியது.

கஜரூபனைக் கூட்டிக்கொண்டு வந்தது என் மனுசன். கதை அவருக்கும் போயிருந்தது, போகிற வழியில் கொஞ்சம் வளர்ந்தும் இருந்தது. மங்களேஸ்வரி போதைப்பொருளோடு பிடிபட்டுவிட்டாள் என்று ஒருவரும், மகன் ஆஸ்பத்திரியில் என்று இன்னொருவரும் சொல்லியிருக்கிறார்கள். மனுசன் காரை எடுத்துக்கொண்டு நேரே களஞ்சியத்துக்குப் போயிருக்கிறார். மகன் வாசலில் உயிரோடு நிற்பதைக் கண்டு, ஒரு வார்த்தையும் கேட்காமல் கதவைத் திறந்துவிட்டாராம். பின்னால் இரண்டு நோர்வேஜியப் பெடியன்கள், தலையைக் குனிந்தபடி.

நாலு பேரும் ஓடைக்குள் வந்தார்கள். கஜரூபனின் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. பிறந்ததிலிருந்து அவனுக்குத் தெரிந்த அன்ரிமார் அத்தனை பேரும் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருக்க, நடுவால் நடந்து அந்தக் கதவுக்குப் போக வேண்டும். அவன் அரைவாசியில் நின்றுவிட்டான். திரும்பி ஓடிவிடுவான் என்று நினைத்தேன்.

அப்போது அருள்ராணி அக்கா குனிந்து தன் பெட்டியின் மூடியைத் திறந்து, தூளைப் பார்க்கத் தொடங்கினார். பக்கத்திலிருந்தவளும் தன் பெட்டியைத் திறந்து பார்த்தாள். ஒருவர் பின் ஒருவராக எல்லாரும் தலையைக் குனிந்து, மிளகாய்த்தூளை ஏதோ அதிசயம் போல உற்றுப் பார்த்தார்கள். யாருடைய வீட்டில் எந்தக் கறி கருகினது என்பது வரைக்கும் கண்டுபிடிக்கிற சனம், தங்களுக்கு முன்னால் நடந்துபோன என் பிள்ளையைக் காணவில்லை. அவர்களைப் பற்றி நான் இத்தனை வருசம் பேசியதையெல்லாம் நினைத்து எனக்கு வெட்கமாக இருந்தது. பெடியன்கள் மூன்று பேரும் உள்ளே போனார்கள், கதவு சாத்தப்பட்டது.

என் மனுசன் மட்டும் வெளியே நின்றார். சுவரில் ஒட்டியிருந்த விதிகளை மேலிருந்து கீழே வாசித்தார், பிறகு மறுபடி வாசித்தார். அந்த அறையைப் பூட்டச் சொல்லி வாங்கிய கையெழுத்தெல்லாம் இன்னும் அவருடைய மேசை லாச்சியில்தான் இருந்தது. கம்சிகா எதற்கோ வெளியே வந்தபோது அவர் தொண்டையைச் செருமினார். நான் பயந்துபோனேன். ஒலிவாங்கி இல்லாமலே பேசப்போகிறார் என்று நினைத்தேன்.

அவர் மெல்லிய குரலில்தான் கேட்டார்.

"பிள்ளை, செவ்வாயும் வியாழனும் மட்டும் போதுமோ? வெள்ளி பின்னேரமும் திறக்கச் சொல்லி மன்றத்தாலை எழுதித் தரட்டோ? பெடியள் வெளிக்கிடுறது அப்பத்தானே."